பழுப்பு டேப்

ஒரு துளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், நபி மேல் மூன்று சலவாத்து ஓதும் நேரம் என்பார் பஷீர் அஹமது. விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வெளிநாட்டில், தம்மாமில் ஒரு பட்டறையில் இருபத்து மூன்று வருஷம் இரும்பைத் துளைத்த மனிதர். இரும்பு, அழுத்தினால்தான் வழிக்கு வரும். மகள் சனோபர் அச்சில் ஊற்றி வார்க்கிற ரெசின் பிசின் அப்படியில்லை. அழுத்தினால் விரிசல் விடும். மிஷினை வேகமாக ஓட்டினால் சூட்டில் இளகி, துளைபோடும் பிட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் ஊசிப் பிட்டால் ஒரு துளை, அப்புறம் அதே வழியில் பெரிய பிட். இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி, நடுவில் சலவாத்து.

மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்தபடி இருக்கிற அவர்கள் வீட்டின் பின்னறைதான் சனோபரின் பட்டறை. உப்பளத்தில் பெரிய கல்லாகப் பொறுக்கி வந்து, வெயிலில் காயவைத்து, ரோஜா இதழோடும் சிப்பியோடும் ரெசினில் வைத்து வார்ப்பாள். கீ செயின், கழுத்துப் பதக்கம், கதவில் தொங்கவிடும் பெயர்த் தகடு. கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் அவள் சரக்கு தொங்கும். ஒரு கிலோ உப்புக்குப் பேரம் பேசுகிறவன், அதே உப்பில் ஒரு கல்லை ரெசினில் போட்டுக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாவியில் மாட்டிக்கொண்டு போகிறான் என்று பஷீர் சிரிப்பார். ஆனால் எந்தக் கீ செயினும் துளை இல்லாமல் கீ செயின் ஆவதில்லை. அந்தத் துளை அவருடையது.

அதற்கு அவர் வைத்த முறைகள் உண்டு. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ரெசின் சீக்கிரம் இறுகாது. மூன்று நாள் கழித்துப் பின்பக்கம் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு பக்கமும் கண்ணாடி போல் தெரிகிற டேப் ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் துளையின் வாய் சில்லுச் சில்லாகப் பொரியாது. உள்ளே உப்புக்கல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும், கல் இருக்கிற இடத்தில் பிட்டை இறக்கக் கூடாது. முடித்தபின் டேப்பை அவரே உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாக ஒரு கண்ணால் பார்ப்பார். அப்படிப் பார்க்காத ஒரு துண்டுகூட அவர் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் சனோபர் கொண்டுவந்து வைத்த தட்டுகளில் எல்லாத் துண்டுகளும் பழுப்பு டேப்பில் சுற்றியிருந்தன. பார்சல் கட்டுகிற டேப். உள்ளே கல்லா, பூவா ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் துளை போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி மட்டும்.

"இது என்ன டேப்பு?"

"கிளியர் டேப் தீர்ந்துபோச்சுங்க அத்தா. இதுதான் இருந்துது."

"கடைக்குப் போனா கிடைக்காதா?"

"டைம் இல்ல. நாளைக்கு டெலிவரி. இருநூறு பீஸ். நீங்க துளை மட்டும் போட்டுக் குடுங்க, டேப்பை நான் உரிச்சுக்கறேன்."

"நான் போட்ட துளையை நான் பார்க்காம எப்படிக் குடுக்கறது?"

"உங்க துளையில பார்க்க என்ன இருக்குது? புள்ளி நான் பார்த்துத்தான் வச்சிருக்கேன். கல்லு இல்லாத இடமாத்தான்."

சனோபருக்கு முப்பத்திரண்டு வயது. வாயால் யாரையும் சுலபமாகப் புகழ்கிறவள் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் பஷீர் அடங்கிப்போனார். மரக்கட்டையை மேஜையில் பொருத்திக்கொண்டே கேட்டார்:

"யாரு ஆர்டர்?"

"கல்யாணத்துக்கு. வர்றவங்களுக்குக் குடுக்கறாங்க."

"யார் வீட்டுக் கல்யாணம்?"

"பாண்டிப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அன்றைக்கு மனைவி சைபுன்னிசா கேட்காமலே மூன்று முறை டீ கொண்டுவந்தாள். மற்ற நாளில் ஒரு டீக்கு இரண்டு முறை குரல் கொடுக்க வேண்டும். மூன்றாவது டீக்கு, "என்ன சைபு, இன்னைக்கு எனக்கே கல்யாணமா?" என்று கேட்டார். அவள் சிரிக்காமல் கிளாஸை வைத்துவிட்டுப் போனாள். முட்டி வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது நூற்று அறுபத்திரண்டு முடிந்திருந்தது. அடுத்ததில் ஊசிப் பிட் இறங்கியபோதே கைக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. ரெசின் மாவாகத் தூள் விடும். இது நறநறவென்றது. நிறுத்துவதற்குள் உள்ளே கல் நொறுங்கி, துண்டு குறுக்கே விரிந்துவிட்டது. டேப்புக்கு மேலேயே விரிசல் தெரிந்தது.

புள்ளிக்கு நேர் கீழே உப்புக்கல். கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அரை அங்குலம் தள்ளி இறக்கியிருப்பார். கெட்டுப்போன துண்டை மூலையில் வீசுகிற வழக்கம் அவருக்கில்லை. எதனால் கெட்டது என்று பார்த்தாக வேண்டும். பழுப்பு டேப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தார்.

உள்ளே ரோஜா இதழ்கள். நொறுங்கிய உப்பு. பொன் நிற எழுத்தில், ஹம்தான் – ஜுவைரியா. அதற்குக் கீழே பொடி எழுத்தில், மரக்காணம் – கோட்டக்குப்பம். ஷவ்வால் 14.

இன்னொன்றை எடுத்து உரித்தார். அதே பெயர்கள். இன்னொன்று. அதே. பத்தாவதை உரித்தபின் கை தானாக நின்றது.

ஹம்தான் அவருடைய மகன், சனோபருக்குத் தம்பி. ஷார்ஜாவில் வேலை, ரமலானுக்கு ஊருக்கு வருகிறான். ஜுவைரியா, கோட்டக்குப்பத்தில் இருக்கிற ஷஃபியின் மகள். ஷஃபி, சைபுன்னிசாவோடு பிறந்த தம்பி. எட்டு வருஷமாக அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வைத்தவர் பஷீர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சனோபருக்குக் கிளியனூரில் ஒரு நல்ல இடம் முடிவாகி, பத்திரிகை அடித்து, முந்நூறு வீட்டுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். சின்ன வயதில் பெண்ணுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது என்று மாமன்காரன் ஷஃபியே அவர்கள் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டான். கல்யாணம் நின்றதை ஊர் வாயால் ஊர் கேட்கட்டும் என்று பஷீர் வீட்டுக்குள் முடங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, ஒவ்வொரு வீடாக நடந்தார். "கல்யாணம் நின்னுபோச்சு. பத்திரிகையைத் திருப்பிக் குடுங்க" என்று கேட்டு வாங்கினார். மூன்று நாள் நடந்தார். ஒரு வீட்டில்கூட உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, காரணம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் வீட்டில் சொன்னார்: ஷஃபி வாசலை என் குடும்பத்தில் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது.

அதை அவர் கட்டிக் காத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமியார் இறந்தபோது கோட்டக்குப்பம் கபர்ஸ்தானுக்குப் போய், கடைசி வரிசையில் நின்று ஜனாஸா தொழுதார். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஷஃபி எதிரே வந்து, "மச்சான்" என்று இரண்டு கையையும் நீட்டினான். தாயைப் புதைத்த மண் அந்தக் கைகளில் அப்படியே இருந்தது. பஷீர் தொடவில்லை. அத்தனை பேர் பார்க்க அவனைத் தாண்டி நடந்தார். என் மகளுக்காக என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இப்போது அந்த மகள், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ரெசின் வார்த்து, பழுப்பு டேப்பைச் சுற்றி, அவர் கையாலேயே துளை போட வைத்திருக்கிறாள்.

"சைபு" என்று கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "சனோபரையும் கூட்டிட்டு வா."

இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். உரித்த துண்டுகள் மேஜையில் வரிசையாக, பெயர் மேலே தெரியக் கிடந்தன. சைபுன்னிசா அவற்றைப் பார்த்துவிட்டு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை சொல்லிடறதா இருந்தோங்க. பள்ளிவாசல் முத்தவல்லியைக் கூட்டிட்டு வந்து, பதமா..."

"என் பையன் கல்யாணத்தை முத்தவல்லி வந்து எனக்குச் சொல்லணுமா?"

"நாங்க சொன்னா காது குடுத்துக் கேப்பீங்களா நீங்க?"

"எத்தினி நாளா நடக்குது?"

"ஒரு வருஷம் இருக்கும். புள்ளைங்களுக்குள்ள புடிச்சுப்போச்சு. ஹம்தான் எனக்குத்தான் ஃபோன் பண்ணிச் சொன்னான். அத்தாகிட்ட எப்படிம்மா பேசறதுன்னு அழுதான்."

"சரி. அவன் அங்க இருக்கான். ஷஃபிகிட்ட யார் பேசினது? நீ எப்பப் போனே அவன் வீட்டுக்கு?"

சைபுன்னிசாவின் கை தானாக முட்டியைத் தடவியது. பஷீர் அந்தக் கையைப் பார்த்தார். மாதத்தில் முதல் வியாழன். முட்டி வைத்தியத்துக்குப் பாண்டிச்சேரி. அவரே பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப் போய், ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

"முட்டி வலியாவது நிஜமா?"

"வலி இருக்குதுங்க" என்றாள் மெதுவாக. "தினமுமா வலிக்கும்."

வேறு நேரமாக இருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். சனோபர் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு அவன் தம்பி. கூடப் பொறந்த பாசம், போய்ட்டா. உனக்கு என்னடி? உன்னைப் பத்திரிகையில பேர் போட்டப்புறம் தெருவில நிறுத்தினவன் அவன். அவன் வீட்டுக்கு நீ பூ வச்சு வார்க்கறே."

"மாமா நிறுத்தலைங்கத்தா."

"பின்னே?"

"நான்தான் மாமாவைப் போய்ச் சொல்லச் சொன்னேன்."

பின்னறையில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ரெசின் தூள் மேஜை விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்தது. சனோபர் நின்ற இடத்திலிருந்து நகராமல் பேசினாள். பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு என்பது கேட்கும்போதே தெரிந்தது.

"ஒன்பது வயசு வரைக்கும் எனக்கு ஃபிட்ஸ் வந்துதுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களான்னு உங்களை மூணு வாட்டி கேட்டேன். ஞாபகம் இருக்குதா? போனது போச்சு, அதைக் கிளறாதேன்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு அந்த வீட்டுல நான் ஒருநாள் விழுந்தா மறைச்சுக் கட்டிக்குடுத்தாங்கன்னு உங்களைத்தானே பேசுவாங்க? பொய்யோட போய் ஒரு வீட்டுல நான் எப்படிப் படுத்துத் தூங்கறது? அதான் மாமாகிட்ட போனேன். அவருக்கு இஷ்டமே இல்ல. நான்தான் அழுது அனுப்பினேன். சொன்னா அவங்க ஒத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

"அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் சத்தியம் வாங்கிட்டேன். நீங்க வீடு வீடா நடந்தீங்களே, அதைப் பார்த்தப்புறம் எனக்கு வாய் வரலை. மாமாவும் சொன்னாரு. மச்சான் கோவம் என் மேலயே இருக்கட்டும், நான் வேற ஊரு, தாங்கிக்கறேன், உன் மேல திரும்பினா நீ எங்க போவேன்னு."

பஷீர் நாற்காலியில் சாயவில்லை. முதுகை நேராக வைத்தே உட்கார்ந்திருந்தார். மறைத்தது அவர்தான், அது அவருக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் எவனும் செய்கிற காரியம் என்று அன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் தெரியும். அந்தத் தப்புக்கு அவள் அவர் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார். கல்யாணத்தை அவரே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இது வேறு. எட்டு வருஷம் பகை என்ற பெயரில் ஒரு கல்லை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு, கூடவே நடந்து வந்திருக்கிறாள், இறக்குங்கள் என்று ஒருநாள் சொல்லாமல். பகையாளி என்று அவர் நினைத்தவன் அவர் மானத்தைக் காத்திருக்கிறான். தன் மனிதர்கள் என்று நினைத்தவர்கள் அவரை வைத்து நாடகம் நடத்தியிருக்கிறார்கள்.

"கபர்ஸ்தான்ல அவன் கையை நீட்டினான்" என்றார். "நான் தொடலை."

"தெரியுங்கத்தா."

"தெரியும் உனக்கு. அன்னைக்குச் சாயந்திரம் நான் வந்து சாப்பிடாம படுத்தேன். நீ கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வந்தே. கட்டில்ல உக்காந்து விசிறினே. அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே சனோபர். தாயைப் புதைச்சவன் கையை உனக்காகத் தள்ளிட்டு வந்திருக்கேன். அதைப் பார்த்துக்கிட்டே எனக்கு விசிறினியா?"

"பயமா இருந்துதுங்கத்தா."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

சைபுன்னிசா நடுவில் வந்தாள். "அவளை மட்டும் ஏங்க கேக்கறீங்க. எல்லாரும் சேர்ந்து பண்ணினதுதானே. விடுங்க, நல்ல காரியம்..."

"உனக்கும் தெரியுமா? இவ சொல்லித்தான் அவன் போனான்னு?"

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அது போதும்.

பஷீர் மேஜைப் பக்கம் திரும்பினார். இன்னும் முப்பத்தேழு துண்டுகள் துளை இல்லாமல் கிடந்தன. எழுந்து போய்விடலாம். போனால் முப்பத்தேழு பேருக்குக் குறையும், வேறு எவனாவது வாய் பொரியத் துளை போட்டுக் கொடுப்பான், பஷீர் வீட்டுக் கல்யாணத்தில் கோணல் துளை என்று ஒருத்தன் கையில் வைத்துப் பார்ப்பான். அதைவிடப் பெரிதாக ஒன்று அவர் நெஞ்சில் நின்றது. இதுவரை போட்ட நூற்று அறுபத்திரண்டும் அவரிடமிருந்து திருடியது. தகப்பன் தெரியாமல் செய்த வேலை கல்யாண வீட்டுக்கு ஆகாது. தெரிந்து கொடுத்ததாக ஆக்கிவிட வேண்டும்.

"கிளியர் டேப்பை எடுத்துட்டு வா."

சனோபர் அலமாரியைத் திறந்தாள். பிரிக்காத சுருள்கள் மூன்று இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் தீர்ந்துபோனதாகச் சொன்ன அதே டேப்.

மிச்சமிருந்த பழுப்பு டேப்பையெல்லாம் உரித்தார். தெளிவான டேப்பை ஒட்டினார். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் கல் எங்கே என்று பார்த்தார். மகன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் முப்பத்தேழு முறை படித்தார். பிட்டை இறக்கினார், ஏற்றினார். உதடு சலவாத்துக்கு அசைந்தது. பெண்கள் இருவரும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலில் இருந்தார்கள். முடிந்ததும் காலையில் போட்டதையும் ஒன்றுவிடாமல் உரித்து, துளை வழியாகப் பார்த்தார். இரண்டில் வாய் லேசாகப் பொரிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார்.

"ஒண்ணு விரிஞ்சுபோச்சு. புதுசா வார்த்துக்கோ" என்றார். பிறகு மனைவியிடம், "நாளைக்குக் காலையில கோட்டக்குப்பம் போறோம்" என்றார்.

"எதுக்குங்க?" என்றாள் சைபுன்னிசா.

"பொண்ணு கேக்க. மாப்பிள்ளையோட அத்தா வந்து வாய் திறந்து கேக்காம பொண்ணை ஷஃபி நிக்காஹ் பண்ணிக் குடுத்தான்னா, நாளைக்கு ஊர்ல ஜுவைரியாவைத்தான் பேசுவாங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு. பழம், பூ, சர்க்கரை எல்லாம் முறையா வாங்கிக்கோ. முத்தவல்லியும் வரட்டும், சாட்சிக்கு. ஷஃபிகிட்ட நான் பேச வேண்டியது இருக்குது, அதை எல்லார் முன்னாடியும் பேசறேன். அவன் என்னை உக்காரச் சொல்லலன்னா நின்னுட்டே கேட்டுட்டு வர்றேன்."

"கோவம் போயிடுச்சுங்களா?"

"ஷஃபி மேல கோவப்பட எனக்கு என்ன இருக்குது?"

அந்தப் பதிலில் மிச்சக் கோபம் யார் மேல் நிற்கிறது என்பது சைபுன்னிசாவுக்குப் புரிந்தது. மெதுவாக உள்ளே போனாள். சனோபர் போகவில்லை. துண்டுகளைத் தட்டில் அடுக்கினாள், மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அத்தா."

அவர் பிட்டைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பொம்மையார்பாளையம் கடைக்கு அம்பது பதக்கம் இருக்குது. நாளைக்குத் திரும்பி வந்து போடறீங்களா, இல்ல..."

"அதுக்கு வேற ஆள் பாரு."

"உங்களை மாதிரி யாருங்கத்தா போடுவாங்க?"

காலையில் இதே மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான் அவர் அடங்கிப்போனார். அவளும் அதை உணர்ந்து, சொன்னதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாண்டியில ஆளுங்க இருப்பாங்க. கூலிக்குப் போடுவாங்க. கூலிக்குப் போடறவன் உள்ள என்ன இருக்குதுன்னு உரிச்சுப் பார்க்கமாட்டான். உனக்கும் அதுதான் சௌகரியம்."

கொல்லைப்பக்கம் போய்த் தொழுகைக்கு ஒளு செய்தார். புறங்கை மயிரில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்தபோதும் சனோபர் வாசல் நடுவிலேயே நின்றிருந்தாள், அவர் ஏதாவது சொல்லித்தான் தன்னைத் தாண்ட வேண்டும் என்பது போல. பஷீர் சுவர் ஓரமாக ஒதுங்கி, அவள் மேல் படாமல் நடந்து, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அசர் தொழுகைக்குப் புறப்பட்டார்.